காணியை விலைக்குக் கேட்டு வரும் அழைப்புகள்

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களின் காணிகள், 2009 இல் போர் முடிந்த பின்னரும் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் காணி வேலிக்கு அப்பால் கிடக்க, வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் காலம் கழிப்போர் இன்னும் உள்ளனர். இவர்களைத் தேடி முன்பின் தெரியாதவர்களின் தொலைபேசி அழைப்புகளும் வருவதுண்டு. "உங்கடை காணியை விற்கிற யோசனை இருக்கோ?" என்பார்கள். இல்லையென்றாலும் அடுத்த கிழமை மீண்டும் அழைப்பார்கள். இவர்களை எவ்வாறு சமாளிப்பது?

அவசரம் யாருக்கு?

"அந்தக் காணியை இனி விடமாட்டினம். கிடைக்கிற காசை வாங்குங்கோ" என்பது தரகர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை. சற்று நின்று யோசியுங்கள். காணி விடுபடப் போவதில்லை என்றால் அதை வாங்க அவர் ஏன் அலைகிறார்?

படையினர் ஒரு காணியில் இருப்பதால் மட்டும் அதன் உரித்து அரசுக்குப் போய்விடாது. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி முறையாகச் சுவீகரித்தால், உரிமையாளருக்கு நட்டஈடு வழங்கவேண்டும். காணி விடுபட்டால் விலை ஏறும்; சுவீகரிக்கப்பட்டால் நட்டஈடு உண்டு. இன்று குறைந்த விலைக்கு எழுதிக் கொடுத்தால் இரண்டும் வாங்கியவருக்கே போகும்.

வாய்ப்பேச்சு விற்பனையல்ல

தொலைபேசியில் "ஓம்" என்று சொன்னதால் காணி கைமாறாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடவேண்டும். ஆகவே "அண்டைக்குச் சம்மதிச்சனீங்கள்தானே" என்ற மிரட்டலுக்கு அஞ்சவேண்டியதில்லை. கையொப்பம் வைக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

அழைப்பு வந்தால்

1. "விற்கும் எண்ணமில்லை, இனி எடுக்கவேண்டாம்" என்று ஒரே பேச்சில் சொல்லுங்கள். "பிறகு பார்ப்பம்" என்றால் மீண்டும் அழைப்பார்கள்.

2. உறுதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பங்காளிகளின் விபரம் எதையும் சொல்லவேண்டாம். உறுதியைப் படம் பிடித்தும் அனுப்பவேண்டாம்.

3. அச்சாரம் என்று சிறு தொகை நீட்டினாலும் வாங்கவேண்டாம்.

4. வெற்றுத் தாளிலோ வாசித்து விளங்காத பத்திரத்திலோ ஒப்பமிடவேண்டாம். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுப்பது, காணியை விற்கும் அதிகாரத்தையே பிறர் கையில் கொடுப்பதாக முடியலாம்.

5. தொந்தரவு தொடர்ந்தால், இலக்கத்தையும் திகதியையும் குறித்து வைத்து, கைத்தொலைபேசியில் அந்த இலக்கத்தைத் தடை செய்யுங்கள். மிரட்டினால் பொலிசில் முறையிடுங்கள்.

வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களுக்கும் இவற்றைச் சொல்லி வையுங்கள்.

விற்கத்தான் வேண்டுமென்றால்

பிள்ளையின் படிப்பு, வைத்தியம், கடன் என்று விற்கவேண்டிய நிலை வரலாம். அதில் குற்றமில்லை. ஆனால் அயலில் விலைப்பட்ட காணிகளின் பரப்பு விலையை விசாரித்து, குடும்பத்தார் எல்லோரும் கூடிப் பேசி, நீங்கள் தெரிந்தெடுத்த நொத்தாரிசிடமே போங்கள்.

தேசவழமைக்கு உட்பட்டவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். மனைவியின் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் தேவை. பிரிக்கப்படாத பங்கை விற்பதானால், 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் அறிவிக்கவேண்டும். நெருக்கும் தரகருக்கு, "பங்காளிகளைக் கேட்காமல் ஒன்றும் செய்யேலாது" என்பதே போதிய பதிலாகும்.

வன்னியில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிற்றில் கிடைத்த காணியை அனுமதியின்றிக் கைமாற்றினால் அது செல்லாது, பெர்மிற்றும் இரத்தாகலாம். பிரதேச செயலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

உறுதி தொலைந்தவர்கள் மனந்தளர வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது வழக்கம். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். தோம்பு எடுத்துப் பார்த்தால், வேறு யாரும் உங்கள் காணிக்கு உறுதி எழுதிப் பதிந்திருக்கிறார்களா என்பதும் தெரியவரும். பணவசதி குறைந்தோர் 1978 இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்தை நாடலாம்.

விற்பதா வைத்திருப்பதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. அதற்கு நாள் குறிக்கும் உரிமை தொலைபேசியில் பேசும் அந்நியருக்கு இல்லை.