கம்பெனி பிளான் மாறும், உங்க இஎம்ஐ மாறாது

2030-க்குள் முழுக்க எலக்ட்ரிக் கார் மட்டும்தான் விற்போம் என்று 2021-ல் அறிவித்த வோல்வோ, 2024 செப்டம்பரில் அந்த இலக்கைக் கைவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் ஃபோர்டு, மூணு வரிசை சீட் உள்ள எலக்ட்ரிக் எஸ்யூவி திட்டத்தை ரத்து செய்து ஹைப்ரிட் பக்கம் திரும்பியது. ஃபோர்டின் எலக்ட்ரிக் பிரிவுக்கு 2023-ல் மட்டும் சுமார் 470 கோடி டாலர் நஷ்டம்.

சரி, இதுல நமக்கென்ன? இருக்கு.

எதிர்பார்த்த அளவு விற்கலைன்னா கம்பெனி விலையைக் குறைக்கும். 2023 ஜனவரியில் அமெரிக்காவில் டெஸ்லா மாடல் ஒய் லாங் ரேஞ்ச் விலை 65,990 டாலரிலிருந்து 52,990 ஆனது. சில மாதம் முன்னாடி முழு விலைக்கு லோன் போட்டு வாங்கியவரை நினைச்சுப் பாருங்க. புது காரே 13,000 டாலர் கம்மின்னா, அவரோட பழைய காரை யார் நல்ல விலைக்கு எடுப்பாங்க? ஆனா லோன் பாக்கி ஒரு டாலர்கூடக் குறையாது.

கம்பெனி நஷ்டத்தைக் கணக்கில் எழுதிட்டு அடுத்த மாடலுக்குப் போயிடும். நம்மால முடியாது.

அதுக்காக எலக்ட்ரிக் கார் வேண்டாம்னு சொல்லலை. தினமும் நிறைய ஓட்டுறீங்க, வீட்டிலேயே சார்ஜ் போடலாம் என்றால் பெட்ரோல் செலவு நல்லாவே மிச்சம். ஆனா மூணு விஷயம் பாருங்க:

1. ரீசேல் விலையை நம்பி பட்ஜெட் போடாதீங்க.
2. டவுன் பேமென்ட்டைக் கூட்டி, லோன் காலத்தைக் குறைங்க. பாக்கித் தொகை எப்பவும் காரின் மதிப்புக்குக் கீழேயே இருக்கணும்.
3. பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், அடுத்த ஓனருக்கும் செல்லுமா என்று எழுத்துல கேட்டு வாங்குங்க.

நீங்க நினைச்ச ரீசேல் விலையில் பாதிதான் கிடைச்சாலும் உங்க கணக்கு தாங்குமா? தாங்கும்னா தைரியமா புக் பண்ணுங்க.