பொட்டாசியம் பேட்டரி: சரக்கு மலிவு, தட்டுதான் சிக்கல்

உரக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்குப் பொட்டாஷ் மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள பொட்டாசியத்தைக் கொண்டு பேட்டரி செய்யப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் முயன்று வருகின்றன. காரணம் விலைதான். லித்தியம் விலை 2022-இல் உச்சிக்கு ஏறி, 2023-இல் சரிந்தது. பூமியின் மேலோட்டில் பொட்டாசியம் ஏறத்தாழ 2 சதவீதம். லித்தியமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

லித்தியம் பேட்டரியின் நேர்முனைக்குக் கோபால்ட் ஆக்சைடு பொருந்தும் என்று 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் காட்டினர். 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆக்சைடு நம் கடை ரேக்கைப் போலத் தட்டுத் தட்டாக அமைந்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் தட்டுகளை விட்டு எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குப் போகும். மின்சாரம் எடுக்கும்போது திரும்பிவரும்.

பொட்டாசியமும் கிராஃபைட்டில் புகும் என்பது 2015-இல் உறுதியாயிற்று. எதிர்முனையில் செம்புத் தகடுக்குப் பதில் மலிவான அலுமினியத் தகடே போதும். இதுவரை லாபக் கணக்கு.

நஷ்டம் நேர்முனையில் இருக்கிறது. பொட்டாசியம் அயனியின் ஆரம் லித்தியத்தைப்போல் சுமார் 1.8 மடங்கு. அது போய்வரும் ஒவ்வொரு தடவையும் தட்டுகள் விரிந்து சுருங்கி, நழுவி, நாளடைவில் நொறுங்குகின்றன. தட்டுகள் நிலைத்து நிற்க மாங்கனீசுடன் இரும்பு, நிக்கல், மக்னீசியம் என்று கலந்து பார்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பருத்த அயனிகள் ஒன்றையொன்று தள்ளுவதால், மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடுகளில் பெரும்பாலும் பாதி அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட இடமே நிரம்புகிறது. பாதிச் சரக்கோடு கடை திறப்பது போலத்தான். கிராஃபைட்டிடம் சொந்தச் சரக்கு கிடையாது. முழு முதலையும் நேர்முனையே போட்டாக வேண்டும். சோதனையில் எதிர்முனைக்குப் பொட்டாசிய உலோகத்தையே வைப்பது வழக்கம். அந்த உலோகம் குறையைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். ஆகவே அறிக்கையில் வரும் எண் அழகாக இருக்கும். விற்கத்தக்க பேட்டரியாகக் கட்டினால் குறையும். குரோமியம் ஆக்சைடில் எல்லா இடமும் நிரம்பும், ஆனால் மழைக்கால வெல்லம்போல ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

ஆகவே இந்தத் தட்டு ஆக்சைடு பேட்டரி இன்னும் கடைச் சரக்காகவில்லை. பொட்டாசியம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஏஜென்சி தருகிறோம், டெபாசிட் கட்டுங்கள் என்று யாரேனும் வந்தால், எதிர்முனையில் இருப்பது கிராஃபைட்டா, பொட்டாசிய உலோகமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.