ஒரு ஹெடர், எத்தனை ஃபேன்?

விலை குறைந்த மதர்போர்டில் கேபினட் ஃபேன் மாட்ட ஒன்றோ இரண்டோ ஹெடர்தான் இருக்கும். கேபினட்டிலோ முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என ஆறு ஃபேன்கள் வந்துவிடுகின்றன. மீதியை எங்கே மாட்டுவது? அசெம்பிள் செய்பவர் ஒரு ஸ்பிளிட்டர் கேபிளை எடுத்து, ஒரே ஹெடரிலிருந்து நான்கைந்து ஃபேன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார். எல்லாம் சுழலும், விளக்கும் எரியும். வாங்குபவரும் திருப்தியோடு வீட்டுக்கு எடுத்துப் போவார். அந்த ஹெடர் எவ்வளவு தாங்கும் என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை.

பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒரு ஃபேன் ஹெடர் தாங்குவது 1 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் 12 வாட்ஸ். பம்ப் மாட்டுவதற்கென்று தரப்படும் ஹெடர் சில போர்டுகளில் 2 அல்லது 3 ஆம்பியர் வரை கொடுக்கும். உங்கள் போர்டின் கணக்கு அதன் கையேட்டில் அச்சாகியிருக்கும். இல்லையென்றால் 1 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளிட்டர் செருகும் இடத்தைத்தான் கூட்டும். ஹெடர் தாங்கும் கரண்டை அது கொஞ்சமும் கூட்டாது.

ஃபேனின் நடுவில், மோட்டாருக்குப் பின்புறம் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் 12 வோல்ட் என்று போட்டு, பக்கத்திலேயே 0.15 அல்லது 0.30 ஆம்பியர் என்று ஓர் எண் இருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். 0.15 ஆம்பியர் ஃபேன் மூன்று என்றால் மொத்தம் 0.45, கவலை இல்லை. அதே அளவில், அதே தோற்றத்தில் உள்ள 0.30 ஆம்பியர் ஃபேன் நான்கு என்றால் 1.2, அந்த ஹெடரில் மாட்டவே கூடாது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். நின்றிருக்கும் ஃபேன் சுழலத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிட அதிகக் கரண்டை இழுக்கும். பவர் பட்டனை அழுத்தியதும் எல்லா ஃபேன்களும் ஒன்றாகத்தான் கிளம்பும். அதனால் ஸ்டிக்கர் கணக்கு 0.7 ஆம்பியரைத் தொட்டாலே அந்த ஹெடரில் மேற்கொண்டு எதையும் சேர்க்காதீர்கள் என்பேன்.

எல்லை மீறினால் சில போர்டுகள் தாமாகவே கரண்டைத் துண்டித்துக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு இல்லாதவற்றில் ஹெடருக்குக் கரண்ட் கொடுக்கும் சிறிய சிப் சூடேறிப் போகும், அல்லது போர்டின் செப்புத் தடம் கருகும். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, கேபினட்டைத் திறந்ததும் கருகல் வாடை வந்தாலோ, உடனே கணினியை அணைத்துச் சுவர் சுவிட்சையும் நிறுத்திவிடுங்கள்.

ஸ்பிளிட்டரின் முனைகளையும் உற்றுப் பாருங்கள். நான்கு பின் ஹெடரில் ஒன்று கிரவுண்ட், அடுத்தது 12 வோல்ட், மூன்றாவது வேகத்தைத் திருப்பிச் சொல்லும் கம்பி, நான்காவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம். நல்ல ஸ்பிளிட்டரில் ஒரு முனையில் மட்டுமே நான்கு பின்னும் இருக்கும். மற்றவற்றில் மூன்றாவது பின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். எல்லா முனையிலும் நான்கும் இருந்தால் வேகக் கணக்கு குழம்பிப்போகும். சரியான ஸ்பிளிட்டரிலும் ஓர் ஆபத்து உண்டு: மதர்போர்டுக்குத் தெரிவது ஒரே ஒரு ஃபேனின் வேகம்தான். மற்றவை எல்லாம் நின்றுபோனாலும் எச்சரிக்கை வராது. மாதம் ஒருமுறை கண்ணால் பார்ப்பதே வழி. பிராசசர் கூலருக்கான ஹெடரில் கேபினட் ஃபேன்களைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

நான்கைந்து ஃபேன் வேண்டும் என்றால் சரியான தீர்வு, தனி மின்சாரம் எடுக்கும் ஹப். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சாட்டா பவர் கனெக்டரில் அது தனக்கான கரண்டை எடுத்துக்கொள்ளும். மதர்போர்டு ஹெடரிலிருந்து வேகக் கட்டளையை மட்டும் வாங்கிக்கொள்ளும். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் சேர்ந்து 4.5 ஆம்பியர் வரை தாங்கும். ஹப்புக்கென்று அதைவிடக் குறைந்த எல்லை அதன் பெட்டியில் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. மூன்று பின் ஃபேனை இத்தகைய ஹப்பில் மாட்டினால் பெரும்பாலும் முழு வேகத்திலேயே ஓடும். விளக்குக் கம்பிகளிலும் கவனம் தேவை: 5 வோல்ட் ஏஆர்ஜிபி விளக்கை 12 வோல்ட் ஆர்ஜிபி ஹெடரில் செருகினால் விளக்கு போய்விடும். எதைக் கழற்றுவதானாலும் மாட்டுவதானாலும் எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்த பிறகே.

இனி, போர்டு போய்விட்டால் என்ன செய்வது? கையேட்டின் எல்லையை மீறி நீங்களே மாட்டியிருந்தால், வாரண்டியில் மாற்றித் தர நிறுவனம் மறுக்கலாம். அதை எதிர்த்து வாதாட உங்களிடம் வலு குறைவு. ஆனால் கடைக்காரர் கூலி வாங்கி அசெம்பிள் செய்து, அவரே அதிகச் சுமை ஏற்றியிருந்தால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் நிவாரணம் கேட்கலாம். இதற்கு முதல் சாட்சி பில்தான். ஒவ்வொரு பாகத்தின் பெயரோடும், அசெம்பிள் கூலி எழுதியும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கணினியைக் கடையிலேயே திறக்கச் சொல்லி, ஃபேன் ஸ்டிக்கர்களையும் ஸ்பிளிட்டர் போகும் வழியையும் போனில் படம் எடுத்து வைப்பது உங்கள் உரிமை; இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கருகிய போர்டையும் ஸ்பிளிட்டரையும் அதுவரை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பழுது பார்க்கக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், எந்த நிலையில் ஒப்படைத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய ரசீதோடு கொடுங்கள்.