படை வந்திருந்தால்? ஹெய்ட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி

2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். அவர்களின் அலுவலக வாசலில் நின்று "போகாதேயுங்கோ" என்று கெஞ்சிய சனங்களின் கதையை வன்னியில் இன்றும் கேட்கலாம். அண்மையில் முல்லைத்தீவில் நான் பேட்டி கண்ட ஒரு அம்மா கேட்டார்: "அப்பிடி ஒரு படை வந்து நடுவில நிண்டிருந்தா, என்ர பிள்ளை இண்டைக்கு இருந்திருப்பான், என்ன தம்பி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. ஐ.நா. படை உண்மையிலேயே வந்திறங்கிய ஒரு நாட்டின் அனுபவத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டியில், ஆயுதக் கிளர்ச்சிக்கு நடுவே 2004 பெப்ரவரி 29 அன்று ஜனாதிபதி அரிஸ்டீட் நாட்டை விட்டு வெளியேறினார். இரண்டு மாதங்களில் பாதுகாப்புச் சபை 1542ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 'மினுஸ்டா' எனப்பட்ட அமைதி காக்கும் படை ஜூன் மாதம் பணியைத் தொடங்கி, 13 ஆண்டுகள் அங்கே இருந்தது. 2006இல் தேர்தல் நடந்ததற்கும், சில காலம் ஆயுதக் கும்பல்கள் அடங்கியிருந்ததற்கும் அந்தப் படை ஒரு காரணம்.

ஐ.நா.வுக்கென்று சொந்த இராணுவம் கிடையாது. உறுப்பு நாடுகள் தங்கள் படையினரை இரவல் கொடுக்கின்றன. ஒரு படையாளுக்கு மாதம் 1,400 டொலருக்கு மேல் இன்று அந்த அரசுக்குக் கிடைக்கிறது. தலையில் நீல நிறத் தொப்பி இருந்தாலும், படையாள் குற்றம் செய்தால் அவரை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அனுப்பிய நாட்டிடமே இருக்கிறது. ஐ.நா. செய்யக்கூடியது அவரைத் திருப்பி அனுப்புவதுதான்.

இதன் விளைவை அறிய நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. ஹெய்ட்டிக்குப் படை அனுப்பிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2007 நவம்பரில், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டனர். 2004 முதல் 2007 வரை குறைந்தது 134 இலங்கைப் படையினர் ஒன்பது சிறுவர் சிறுமியரைச் சுரண்டியதாக ஐ.நா.வின் உள்ளக அறிக்கை கூறியதை, ஏ.பி. செய்தி நிறுவனம் 2017இல் வெளிக்கொண்டு வந்தது. எவரும் சிறை செல்லவில்லை என்றும் அது எழுதியது. 18 பேர் தொடர்பாகவே இராணுவம் விசாரித்ததாகவும், விடயம் 2014இல் முடிந்துவிட்டதாக ஐ.நா. எழுத்தில் அறிவித்ததாகவும் அரசாங்கம் பதிலளித்தது. குற்றம் சாட்டப்பட்ட தரப்பே விசாரணையாளரையும் நியமிக்கும் முறை எங்களுக்குப் புதியதல்ல.

அடுத்தது கொலரா. 2010 ஒக்டோபரில், நேபாளப் படைமுகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து நோய் பரவியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள்; 8 இலட்சம் பேர் வரை நோயுற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நியூயோர்க்கில் தொடுத்த வழக்கு, ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு என்ற காரணத்தால் தள்ளுபடியானது. செயலாளர் நாயகம் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசெம்பரில்தான்.

2017இல் மினுஸ்டா வெளியேறியது. 2021 ஜூலையில் ஜனாதிபதி மொயிஸ் கொல்லப்பட்டார். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடிக்குள் போனது. 2024 ஜூனில் கென்யப் பொலிஸார் தலைமையில் இன்னொரு பன்னாட்டுப் படை இறங்கியது. படைகள் மாறி மாறி வந்தன; நீதிமன்றமும் பொலிஸும் பலப்படவில்லை.

'அமைதிப்படை' என்றதும் எங்கள் மூத்தவர்களுக்கு 1987இல் வந்த இந்திய இராணுவம் நினைவுக்கு வரும். அது ஐ.நா. படையல்ல, இரு அரசுகளின் உடன்படிக்கையின் கீழ் வந்தது. ஆனாலும் ஹெய்ட்டித் தாய்மாரின் கேள்வி அங்கேயும் பொருந்தும்: வந்தவன் தவறு செய்தால் யாரிடம் முறையிடுவது?

2016இல் நிறைவேறிய 2272ஆம் தீர்மானம், குற்றம் சாட்டப்பட்ட முழுப் படைப்பிரிவையும் திருப்பி அனுப்ப வழிசெய்தது. ஆனால் விசாரணை இன்னமும் அனுப்பிய நாட்டின் கையில்தான்.

அந்த அம்மாவை மீண்டும் சந்தித்தால், ஒரு படை வந்திருந்தால் அவருடைய மகன் தப்பியிருக்கலாம் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால், சர்வதேசம் வரவேண்டும் என்று நாங்கள் கேட்கும்போது, வருபவர்களை விசாரிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதையும் அதே மனுவில் எழுத வேண்டும் என்று சொல்வேன்.