அண்ணாமலை அடிவாரத்தில் உலகப் பாடம்

மேனாட்டுச் சர்வகலாசாலைகளில் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஒரு புதிய படிப்பு செல்வாக்குப் பெற்று வருகிறது. ஒரு தேசத்தின் சரித்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்பதை விடுத்து, வர்த்தகம், யுத்தம், கடன், குடிபெயர்ச்சி, பருவ மாறுதல் ஆகியவை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு எவ்வாறு பரவுகின்றன என்பதை உலகம் முழுவதையும் ஒரே பார்வையில் வைத்து ஆராய்வதே அதன் நோக்கம். உலகக் கல்வி என்று அதற்குப் பெயரிடலாம். ஜெர்மனியிலுள்ள பிரைபர்க் சர்வகலாசாலை நடத்தும் பட்டப் படிப்பு இவ்வகையில் பெயர் பெற்றது. அதிற் சேரும் மாணவர் ஓரிடத்தில் அமர்ந்து படிப்பதில்லை. சில மாதங்கள் பிரைபர்க்கில்; சில மாதங்கள் தென்னாப்பிரிக்காவில் அல்லது அர்ஜென்டினாவில்; பின்னர் டில்லியிலோ பாங்காக்கிலோ சில மாதங்கள். பல தேசத்து வாலிபர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே விஷயத்தை வெவ்வேறு கண்டங்களிலிருந்து பார்க்கக் கற்கிறார்கள். நல்ல ஏற்பாடே, இதிற் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வாறு தேசம் விட்டுத் தேசம் சென்று உலகத்தைப் படிக்க வசதியுள்ளவர் எத்தனை பேர்? வசதியில்லாத மாணவன் உலகத்தை எவ்வாறு படிக்கிறான்? இக்கேள்வியைத் திருவண்ணாமலையில் நின்று கேட்பது பொருத்தமாகும். ஏனெனில், உலகம் தானாகவே தேடி வருகிற ஊர் அது.

1934-ம் வருஷம் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் தமது பிரயாண நூலை வெளியிட்ட பிறகு, ஸ்ரீ ரமணர் ஆசிரமத்தின் பெயர் ஐரோப்பாவில் பரவிற்று. 1938-ல் ஸாமர்ஸெட் மாம் வந்து போனார். அவருடைய அநுபவம் 1944-ல் ஒரு நாவலாயிற்று. அதே காலத்தில் இந்தியாவுக்கு வந்த கார்ல் யுங் என்னும் ஸ்விஸ் மனோதத்துவப் பேராசிரியரின் கதைதான் வேடிக்கையானது. மூன்று இந்தியச் சர்வகலாசாலைகள் அவருக்குக் கௌரவப் பட்டமளித்தன. சென்னை வரையில் வந்தவர் திருவண்ணாமலைக்கு வரவில்லை. ஆயினும், ரமணரைப் பற்றித் தம் நண்பர் ஹைன்ரிக் ஸிம்மர் எழுதிய ஜெர்மன் நூலுக்கு 1944-ல் அவரே முன்னுரை எழுதினார். தாம் போகாததற்குச் சமாதானமும் அதில் கூறினார். நேரில் பாராமலே ஓரிடத்தைப் பற்றி முன்னுரை எழுதுவது பேராசிரியர்களுக்குச் சாத்தியமே. நம் மாணவர்களோ, இதற்கு நேர்மாறாக, தாம் தினமும் பார்ப்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதாமற் பட்டம் பெற்றுவிடுகிறார்கள்.

திருவண்ணாமலையிலும் செய்யாற்றிலும் 1960-களிலேயே அரசாங்கக் கலைக் கல்லூரிகள் தோன்றின. செங்கம், போளூர், கலசப்பாக்கம், தண்டராம்பட்டு முதலிய பகுதிகளிலிருந்து காலையில் பஸ் ஏறி வருகிற வாலிபர்களும் பெண்களும் அவற்றிற் படிக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்களிற் பலர். சரித்திரமோ அரசியலோ எடுத்துக்கொண்டவர்களுக்கு ஐரோப்பியச் சரித்திரமும் சர்வதேச உறவுகளும் பாடமாக வருகின்றன. வியன்னா மகாநாடு 1815. வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை 1919. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் 1945. இவையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ‘உலகமயமாதல் என்றால் என்ன?’ என்பது ஐந்து மதிப்பெண் வினா. அதற்குரிய விடை கடையில் விற்கும் வினா விடைப் புஸ்தகத்திற் பத்து வரிகளில் அச்சாகியிருக்கிறது. மாணவன் அதைக் காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டு வீடு திரும்புகிறான்.

வீடு திரும்பும் வழியில் அவன் எதைப் பார்க்கிறான்? செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் தைவான் தேசத்துக் கம்பெனியொன்று நடத்தும் பாதரட்சைத் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனியின் பெயரால் உலகமெங்கும் விலையாகும் ஜோடுகள் அங்கே தயாராகின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குச் செல்கிறார்கள். நம் மாணவனுடைய தமக்கையோ அண்டை வீட்டுப் பெண்ணோ அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். முதலும் யந்திரமும் ஒரு தேசத்தார். வியாபாரப் பெயர் மற்றொரு தேசத்தார். உழைப்பு வடார்க்காட்டுக் குடியானவன் மகளுடையது. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் லாபத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன என்பது, உலகக் கல்வி என்னும் படிப்பின் உயிரான கேள்வி. பிரைபர்க் மாணவர் இதைப் புஸ்தகத்திற் படிக்கிறார். செய்யாற்று மாணவனுக்கோ இது திண்ணைப் பேச்சு. ஆனால் அவனுடைய பாடத்தில் அது இல்லை. 2023-ம் வருஷம் அதே தொழிற்பேட்டையின் விஸ்தரிப்புக்காக நிலம் எடுப்பதை எதிர்த்து மேல்மா வட்டாரத்து விவசாயிகள் கிளர்ச்சி செய்தார்கள். எழுவர் மீது குண்டர் சட்டம் ஏவப்பட்டது. கண்டனம் கிளம்பவே, அறுவர் மீதிருந்த உத்தரவு சில தினங்களில் ரத்தாயிற்று. அயல்நாட்டு முதலுக்கும் உள்நாட்டு நிலத்துக்கும் உள்ள தொடர்பை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணத்தை எந்த ஆசிரியர் எந்தக் கண்டத்திலிருந்து கொண்டுவர முடியும்?

புது விஷயம் வேண்டாமெனில், பழைய விஷயம் ஒன்றைப் பார்ப்போம். இப்பகுதியில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதே ஜனங்கள் வாயில் அவ்வாறு தேய்ந்து வழங்குகிறது. மணிலாவோ பிலிப்பைன் தீவுகளின் தலைநகரம். பயிரின் பூர்விகமோ தென் அமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டு ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் இப்பயிர் பரவிற்று. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்ஸிலுள்ள மார்செய்ல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சவுக்காரக் கைத்தொழிலுக்கும் கப்பலேறிற்று. 1929-ல் அமெரிக்காவிற் பங்கு மார்க்கெட் கவிழ்ந்து உலக மந்தம் சூழ்ந்தபோது, நியூயார்க் என்ற பெயரையே கேட்டறியாத நம் குடியானவனும் கடலை விலை விழுந்து கடனில் அகப்பட்டான். ஒரு மல்லாட்டையை உடைத்தால் நான்கு கண்டங்கள் வெளிப்படுகின்றன. இதைச் சொல்லிக் கொடுக்கப் பெரிய நூல்நிலையமும் தேவையில்லை, விமானப் பிரயாணமும் தேவையில்லை.

நிற்க. இப்படிப்பட்ட படிப்பு நம் ராஜதானியில் ஒரு காலத்தில் நடக்கவே செய்தது என்பதை இன்றைய கல்லூரிகள் மறந்துவிட்டன. 1915-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். ஆக்ஸ்போர்டில் தொழிலாளருக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர் அவர். சீமைப் புஸ்தகங்களிலுள்ள பொருளாதாரத்தை அப்படியே ஒப்பிக்கச் செய்வதில் பயனில்லை என்று கண்டு, 1916-ல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப் பட்டியைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் சொந்தக் கிராமத்தை ஆராய்ந்து எழுதி வரச் செய்தார். நிலம் யாருக்கு எவ்வளவு? கூலி என்ன? கடன் யாரிடம்? எந்தச் சாமான் வெளியூரிலிருந்து வருகிறது? இவற்றையெல்லாம் தாய் தந்தையரையும் பங்காளிகளையும் பண்ணையாட்களையும் கேட்டு அம்மாணவர்கள் எழுதினார்கள். அவற்றின் தொகுப்பு 1918-ல் நூலாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற கிராமங்களில் ஒன்று தூசி. காஞ்சிபுரத்துக்கு அருகே, மாமண்டூர் ஏரிப் பாசனத்திலுள்ள அந்தக் கிராமம் அப்போது வடார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது.

அத்துடன் காரியம் முடிந்துவிடவில்லை. உலக மந்தத்தின் பின்விளைவுகள் தீராத 1936–37-ல், பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் என்னும் இரு பொருளாதார அறிஞர்களின் மேற்பார்வையில் அதே கிராமங்கள் மறுபடி ஆராயப்பட்டன. அந்நூல் 1940-ல் வெளிவந்தது. 1983–84-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். குகனும் கே. பரதனும் தூசியை மூன்றாம் முறை ஆராய்ந்தார்கள். ஒரே கிராமத்தின் ஏறக்குறைய எழுபது வருஷத்து வாழ்வு இவ்வாறு மூன்று கணக்குகளாகக் கிடைத்திருக்கிறது. உலக யுத்தம், மந்தம், சுயராஜ்யம், பசுமைப் புரட்சி எல்லாம் ஓர் ஏரிக்கரையில் என்ன செய்தன என்று காட்டும் இத்தகைய சான்று பல தேசங்களுக்கு வாய்த்திருக்காது. அந்த ஊரிலிருந்து செய்யாற்றுக் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவனுக்கு இச்செய்தியை யாராவது சொன்னதுண்டா என்று விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டார் சொல்லக் காத்திருக்கவில்லை. 1973-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையும் சென்னைச் சர்வகலாசாலையும் சேர்ந்து வடார்க்காட்டுக் கிராமங்களில் நெற்சாகுபடியின் மாறுதல்களை ஆராயத் தொடங்கின. அக்குழுவில் வந்த பார்பாரா ஹாரிஸ்-வைட் என்னும் அம்மையார், பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்போன ஆரணியை நாற்பது வருஷங்களுக்கு மேல் விடாமல் ஆராய்ந்தார். ஆக்ஸ்போர்டிற் பேராசிரியராகவும் விளங்கினார். ஆரணியைப் பற்றி அவர் பதிப்பித்த பெரிய நூல் 2016-ல் வெளிவந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் 1989 முதல் திருவண்ணாமலையைப் பற்றியே ஐந்து பகுதிகள் கொண்ட ஆராய்ச்சியை வெளியிட்டனர். கல்வெட்டுகள், கோயிற் கட்டடம், உற்சவங்கள், கோயிலின் சமூக அமைப்பு, நகரம் என எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. கல்வெட்டுப் பகுதியின் விளக்கங்கள் ஆங்கிலத்தில். ஏனைய பகுதிகள் பிரெஞ்சு பாஷையில். கோபுர வாசலில் பூக்கட்டும் குடும்பத்துப் பையன், தன் தெருவின் சரித்திரத்தை அறிய வேண்டுமானால் பிரெஞ்சு படித்தாக வேண்டும்! ஆராய்ந்தவர்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் செய்தது பெரும் உபகாரம். முப்பது வருஷங்களுக்கு மேலாகியும் அதை நம் மாணவர் கைக்குத் தமிழிற் கொண்டு சேர்க்காதது நம்மவர் அசட்டையே.

பாஷை விஷயத்தை இங்கே சற்று விரித்துக் கூற வேண்டியிருக்கிறது. மத்திய சர்க்காரின் உயர்தர உத்தியோகப் பரீட்சையில் 2013 முதல் உலக சரித்திரமும் சேர்ந்திருக்கிறது. சர்வதேச உறவுகளும் பாடமாக உண்டு. பிரதான எழுத்துப் பரீட்சையிற் தமிழில் விடை எழுதலாம், அனுமதி உண்டு. ஆனால் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் ஹிந்தியிலுமே அச்சாகிறது. விடை சொந்த பாஷையில், கேள்வி பிற பாஷையில் என்னும் இந்த விசித்திரத்தை நம் வாலிபர் எத்தனை வருஷம் பொறுத்துக் கொள்வது? டில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலைக்குச் சர்வதேச விவகாரம் படிக்கச் செல்லும் தமிழ் மாணவனுக்கும் இதே சங்கடம். விஷயம் அவனுக்குப் புரிகிறது. சபையில் எழுந்து பேசுவதற்குள், மனத்தில் மொழிபெயர்த்து முடிப்பதற்குள், விவாதம் வேறிடம் போய்விடுகிறது. அவன் மௌனத்தை அறியாமை என்று மற்றவர் எடுத்துக் கொள்கிறார்கள். முதல் வருஷத்திலேயே ஊர் திரும்பிவிடலாமா என்ற எண்ணமும் அவனுக்கு வந்து போகிறது.

அந்த டில்லிப் படிப்பின் மூலத்தை நோக்கினால் ஆச்சரியமாயிருக்கும். 1955-ல் ஸாப்ரு ஹவுஸில் தொடங்கி 1970-ல் நேரு சர்வகலாசாலையோடு இணைந்த சர்வதேச விவகாரக் கலாசாலைக்கு முதல் தலைவர் ஏ. அப்பாதுரை. 1947-ல் ஆசிய உறவு மகாநாட்டை நடத்திய உலக விவகாரக் கவுன்ஸிலின் காரியதரிசியாக இருந்தவரும் அவரே. ஆனால் அவர் முதலில் எழுதிய பெரு நூல், கி. பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலைமையைப் பற்றியது. சென்னைச் சர்வகலாசாலை 1936-ல் வெளியிட்டது. கோயிற் சுவர்களிலுள்ள சாஸனங்களே அதற்குப் பெரும் ஆதாரம். நிவந்த நிலத்தின் கணக்கைப் படித்தவர் பின்னர் ஆசியாக் கண்டத்தின் உறவுகளைக் கணக்கிட்டார்.

தமிழில் உலக விஷயம் எழுத முடியுமா என்று இன்னும் சந்தேகிப்பவர்களுக்கு இந்த வடார்க்காடே விடை கூறுகிறது. வெங்களத்தூரில் 1895-ல் பிறந்த வெ. சாமிநாத சர்மா, துருக்கி, அபிஸீனியா, பாலஸ்தீனம், ஸ்பெயின், ருஷ்யா ஆகிய தேசங்களின் வரலாற்றைத் தனித்தனி நூல்களாகத் தமிழில் எழுதினார். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திக்கொண்டே அவற்றிற் பலவற்றை எழுதினார். 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து கால்நடையாகவும் வந்து சேர்ந்தார். எந்தச் சர்வகலாசாலையின் பாடத்திட்டமும் அவரை எழுதச் சொல்லவில்லை. செய்தித்தாள் படிக்கும் சாதாரணத் தமிழனுக்கு உலகம் புரிய வேண்டும் என்பதற்காகவே எழுதினார். பாலஸ்தீனம் இன்றும் எரிகிறது. அதைப் பற்றித் தமிழில் நிதானமாகப் படிக்க விரும்பும் கல்லூரி மாணவன் எத்தனை புது நூல்களைக் காண்கிறான்?

ஆகவே, திருவள்ளுவர் சர்வகலாசாலையின் பாடத்திட்டக் குழுவினர் ஒன்று செய்யலாம். உலக சரித்திரத்துக்கும் சர்வதேச உறவுகளுக்கும் உரிய மதிப்பெண்களில் நாலில் ஒரு பங்கை, மாணவர் தம் ஊரை ஆராய்ந்து தமிழில் எழுதும் கட்டுரைக்கு ஒதுக்கட்டும். இந்த ஊர் மல்லாட்டை யாருக்குப் போகிறது? பட்டுநூல் எங்கிருந்து வருகிறது? வளைகுடா நாடுகளுக்கும் மலேயாவுக்கும் போனவர் எத்தனை பேர், அனுப்பும் பணம் எதிற் செலவாகிறது? கம்பெனிக்கு நிலம் கொடுத்தவர் இப்போது என்ன செய்கிறார்? தூசி, ஆரணி ஆராய்ச்சிகளும் பிரெஞ்சுத் தொகுதியின் நகரப் பகுதியும் சுருக்கமாகத் தமிழில் வந்தால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் மாதிரி கிடைக்கும். அதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இருக்கிறது. ஸ்லேட்டருடைய மாணவர்கள் 1916-ல் எடுத்துச் சென்றவை ஒரு வினாப் பட்டியும் ஒரு நோட்டுப் புஸ்தகமுமே. வினாப் பட்டியைத் தயாரிக்க, அடுத்த கோடை விடுமுறைக்கு முன் பேராசிரியர்களுக்கு அவகாசம் உண்டு.