கைக்கணினியும் கைவேலையும்

தில்லியில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் ஓர் ஐயத்தைக் கேட்டார். “என் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் டாப்லெட் கொடுக்கப் போகிறார்களாம். அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் அப்படி என்ன உடம்புக்கு?” என்றார். அவர் மாத்திரையை நினைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் நினைத்ததோ பலகை போன்ற கணினியை. தமிழில் இக்கருவியைக் கைக்கணினி என்றும் பலகைக் கணினி என்றும் எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விரண்டில் பின்னதன்மேல்தான் பிரியம். சிலேட்டுப் பலகையின் நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனினும் முன்னது எளிதாக நாவில் வருவதால் அதனையே இங்கு ஆளுகிறோம்.

விஷயத்தை விளக்கிச் சொன்னதும் பெரியவர் முகம் இன்னும் வாடிவிட்டது. “மாத்திரையாக இருந்தாலே தேவலை” என்றார். அவர் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டிலே தொலைபேசித் திரை ஏற்கெனவே குழந்தையின் மாலைப் பொழுதை விழுங்கிவிடுகிறது. அத்திரையில் வரும் பேச்சு இந்தி, அல்லது ஆங்கிலம். தாத்தா தமிழில் கேட்டால் பேத்தி இந்தியில் விடை சொல்கிறாள். பள்ளியிலும் திரை வந்துவிட்டால் எஞ்சியிருக்கும் தமிழும் போய்விடுமே என்பது அவர் அச்சம். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மில் பலருக்கு இவ்வச்சம் உண்டு.

இக்கருவி முதன்முதலில் எவ்வாறு கற்பனை செய்யப்பட்டது என்பதை நினைவுகூர்ந்தால், அச்சத்துக்கு உரிய இடமும் நம்பிக்கைக்கு உரிய இடமும் தெளிவாகும். அமெரிக்க அறிஞர் ஆலன் கே 1972ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். கையில் எடுத்துச் செல்லத்தக்க, நோட்டுப்புத்தகம் போன்ற ஒரு கணினியை அதில் வருணித்தார்; அதற்கு டைனாபுக் என்று பெயரிட்டார். அதனை அவர் பெரியவர்களின் அலுவலகத்துக்காக மட்டும் எண்ணவில்லை. எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் உரியது என்றே தலைப்பில் குறித்தார். கட்டுரையில் வரும் சிறுவரும் சிறுமியும் கணினியில் ஒரு விண்வெளி விளையாட்டு விளையாடுகிறார்கள். அத்துடன் நில்லாமல், விளையாட்டின் விதியையே மாற்றிச் சூரியனின் ஈர்ப்புச் சக்தியை அதில் சேர்க்க முயல்கிறார்கள். அதே காலத்தவரான சீமோர் பேப்பர்ட் என்பவர், 1967இல் தம் தோழர்களுடன் லோகோ என்னும் கணினி மொழியைக் குழந்தைகளுக்கென்றே ஆக்கியவர். கணினி குழந்தையை ஆட்டிவைக்கலாகாது, குழந்தையே கணினிக்குக் கட்டளையிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

அத்தகைய கணினி கடைவீதிக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. ஐபேட் 2010இல் வந்தது. நம் நாட்டில் கல்லூரி மாணவர்களை முன்னிட்டு ஆகாஷ் என்னும் மலிவான கைக்கணினி 2011இல் அறிமுகமாயிற்று. கருவி வந்தது, ஆனால் கருவியோடு கருத்தும் வந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்லவேண்டும். பல இடங்களில் கைக்கணினி என்பது பாடப்புத்தகத்தை ஏற்றிவைத்த பெட்டியாகவும், சரியா தவறா என்று மணியடிக்கும் வினாத்தாளாகவும் நின்றுவிட்டது.

பெரு நாட்டில் நடந்ததை இங்கே குறிப்பிடலாம். அந்நாட்டு அரசாங்கம் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைக்கு ஒன்றாகச் சிறு மடிக்கணினிகளை வழங்கியது. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு, கணிதத்திலோ மொழியிலோ குழந்தைகளின் தேர்ச்சி உயரவில்லை என்று கூறிற்று. கருவி குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தாலும், அதைக்கொண்டு வகுப்பில் என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்காவிட்டால் நிலைமை மாறாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பொருள்.

நம் நாட்டுக்கு இது புதிய படிப்பினையன்று. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, தக்கிளியைத் தனிப் பாடமாக வைக்கச் சொல்லவில்லை. நூற்பின் வழியாகவே கணக்கும், பூகோளமும், சரித்திரமும் வரவேண்டும் என்றார். தக்கிளியை ஒரு புறமும் கைக்கணினியை மறு புறமும் வைப்பது சிலருக்குச் சிரிப்பை விளைக்கலாம். ஆயினும் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதைக்கொண்டு குழந்தை எதை ஆக்கப்போகிறது?

அப்பெரியவரின் பேத்தி படிக்கும் வகுப்பை நேரில் காணும் வாய்ப்பு நமக்கு ஜூலை மாதத்தில் கிடைத்தது. தில்லியில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் அம்மாதம் நாவற்பழக் காலமுமாகும். புதுதில்லியை நிர்மாணித்தபோது சாலைகளின் இருமருங்கிலும் நாவல், வேம்பு, புளி, நீர்மருது முதலிய மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். அம்மரங்களிற் பல இன்றும் நிற்கின்றன. மழைத்தூறல் விழுந்ததும் நாவல் மரத்தடி முழுவதும் ஊதாக் கறை. தமிழ் ஆசிரியை அந்தக் கறையிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். ‘எங்கள் தெரு மரங்கள்’ என்று ஒரு நூலைக் குழந்தைகளே ஆக்கவேண்டும். அதில் படம் இருக்கவேண்டும், பெயர் இருக்கவேண்டும், குரல் இருக்கவேண்டும், மரத்துக்கொரு கதையும் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் வாரம் தோல்வியில் முடிந்தது என்று அந்த அம்மையார் ஒளிக்காமல் சொன்னார். ஆளுக்கொரு கைக்கணினி கொடுத்தாராம். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம்; ஒவ்வொரு தலையும் கவிழ்ந்தபடி. மறுவாரம் நால்வருக்கு ஒன்று என்று குறைத்தார். ஒருவன் படம் எடுக்க, ஒருத்தி பெயர் எழுத, மற்றவள் பேச, நான்காமவன் மூவருக்கும் யோசனை சொல்ல, வகுப்பு சந்தைக் கடையாக மாறிற்று. அந்தச் சந்தடியில்தான் தமிழ் பேசப்பட்டது. இதற்கு முன்னோடியான ஒரு நிகழ்ச்சியும் தில்லியிலேயே உண்டு. 1999இல் கால்காஜியில் சுகதா மித்ரா ஓர் அலுவலகச் சுற்றுச்சுவரில் கணினி ஒன்றைப் பதித்துவைத்தார். பக்கத்துக் குடிசைப் பகுதிச் சிறுவர்கள் அதனைக் கூட்டமாகச் சூழ்ந்துநின்று ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டார்கள். ஆசிரியரே வேண்டாம் என்று அதிலிருந்து முடிவுகட்டுவோருடன் நாம் உடன்படவில்லை. ஆனால் கருவி குறைவாக இருப்பது சில வேளைகளில் நன்மையே என்பதை அச்சுவர் காட்டிற்று.

நாவல் மரத்துக்குரிய கதை எது என்பதைத் தமிழர்க்குச் சொல்லவேண்டியதில்லை. ஔவையாரிடம் மரத்தின்மேலிருந்த மாட்டுக்காரச் சிறுவன் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்ட கதையை ஒரு சிறுமி ஊரிலுள்ள தன் பாட்டியிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தாள். அக்கதையைக் களிமண் பொம்மைகளைக்கொண்டு படமாக்க முனைந்தார்கள். பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து, அவற்றை வேகமாக ஓட்டினால் பொம்மை நடப்பதாகத் தோன்றும். திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. குழந்தைகள் 30 படங்கள் எடுத்துவிட்டு, நொடிக்கு 12 வீதம் ஓட்டிப் பார்த்தார்கள். ஔவையார் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

“மேம், இரண்டரை செகண்டில் முடிந்துவிட்டது!” என்று ஒரு பையன் அழாக்குறையாகக் கூவினான்.

“கதை எவ்வளவு நேரம் ஓட வேண்டும், கண்ணா?” என்று ஆசிரியை கேட்டார்.

இருபது நொடி என்று முடிவாயிற்று. நொடிக்கு 12 என்றால் 240 படங்கள். அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை. நொடிக்கு 6 போதும் என்று பேரம் பேசி 120க்கு வந்தார்கள். பெருக்கலையும் வகுத்தலையும் யாரும் கற்பிக்கவில்லை, தேவை கற்பித்தது. பழம் மண்ணில் விழும் காட்சிக்கு மட்டும் 18 படங்களை ஒதுக்கவேண்டும் என்று ஒரு சிறுமி பிடிவாதம் பிடித்ததும், மற்றவர்கள் இணங்கியதும் காணத்தக்கவையாக இருந்தன.

இதனினும் நம்மைக் கவர்ந்தது எழுத்துப் பகுதி. வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் எழுத்தில் ஏற்படும் இடர்ப்பாடு தனிப்பட்டது. இந்தியில் வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லிய ஒலிக்கு வேறோர் எழுத்து. தமிழிலோ ‘காகம்’ என்னும் சொல்லில் முதலில் வரும் ககரம் ஒருவிதமாகவும், இடையில் வரும் ககரம் வேறுவிதமாகவும் ஒலிக்கின்றன, எழுத்து ஒன்றே. “இந்த ‘க’ ஏன் பொய் சொல்லுகிறது?” என்று ஒரு சிறுவன் கேட்டானாம். ஆசிரியை விதியைச் சொல்லவில்லை. பாட்டியின் பதிவிலிருந்தும் தங்கள் பேச்சிலிருந்தும் சொற்களைப் பொறுக்கி, கேட்டுக் கேட்டு இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொன்னார். ‘கல்’, ‘பக்கம்’ ஒரு பக்கம். ‘நகம்’, ‘சங்கு’ மறுபக்கம். ‘பாட்டி’ இங்கே, ‘பாடம்’ அங்கே. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மை, உயிர்களுக்கு நடுவிலும் மெல்லெழுத்தை அடுத்தும் மென்மை என்பதை நான்காம் நாளில் குழந்தைகளே கண்டு சொன்னார்கள். கேட்டதையே பத்து முறை சலிக்காமல் திருப்பிச் சொல்ல எந்த ஆசிரியரால் முடியும்? அக்கருவியால் முடிந்தது.

குரலைப் பதியும்போது திரையில் அலைபோன்ற ஒரு கோடு ஓடுகிறது. ‘கல்’ என்று சொன்னால் குறுகிய அலை. ‘கால்’ என்று சொன்னால் நீண்ட அலை. குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு மாத்திரை இரண்டு என்று நாம் மனப்பாடம் செய்த இலக்கணத்தை அக்குழந்தைகள் கண்ணால் பார்த்தார்கள். நம் பெரியவரின் ஐயம் ஒருவகையில் பலித்துவிட்டது என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

தட்டச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமன் எழுத்துக்களைத் தட்டினால் தமிழ் வரும் முறை பெரியவர்களுக்கு வசதியானது. எழுத்துப் பழகும் குழந்தைக்கு அது வேண்டாம் என்பது நம் உறுதியான அபிப்பிராயம். அம்முறையில் குழந்தை பழகுவது ஆங்கில எழுத்தையே. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் ‘கி’ வரும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறப்பது விரல் நுனியில் விளங்குகிறது. ஆயினும் அவ்வகுப்பில் நூலின் தலைப்புக்களையும் மரப் பெயர்களையும் காகிதத்தில் பென்சிலால் எழுதி, அதனையே படம் பிடித்துச் சேர்த்தார்கள். கைக்கணினி வந்ததால் கையெழுத்துப் போகவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 2014இல் வெளிவந்த ஸ்கிராட்ச் ஜூனியர் என்னும் இலவசச் செயலி உண்டு. அதில் கட்டளைகள் சொற்களாக இல்லாமல் படக் கட்டைகளாக இருப்பதால் மொழி தடையாவதில்லை. குழந்தை தன் குரலையும் பதிந்து சேர்க்கலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இவையெல்லாம் அவசரமில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் திரைமுன் இருத்தல் ஆகாது என்றும், அதனினும் குறைவாக இருத்தல் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது. குழந்தைகளின் முகமும் குரலும் வகுப்புக்கு வெளியே போகாமல் காப்பதும் பள்ளியின் பொறுப்பு. சிறுவர்களின் தனிவிவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது.

தில்லியில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளும், மும்பையில் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளும் உள்ளன. அவ்வசதியற்ற ஊர்களில் வாழும் நேயர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கு ஒரே ஒரு கைக்கணினி போதும். பதிவு செய்தபின் இணைய இணைப்பும் வேண்டுவதில்லை. பாட நூல்களும் பயிற்சிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாகக் கிடைக்கின்றன. வேண்டுவது, கதை சொல்ல ஒரு பாட்டியோ தாத்தாவோதான்.

அவ்வகுப்பின் படம் முடிந்ததும் ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பினார்கள். ஔவையார் குச்சி ஊன்றி வரும் அழகைப் புகழ்ந்துவிட்டு, அவர் ஒரு திருத்தம் சொல்லி அனுப்பினார்: “அதென்னடி கண்ணு, நாவற்பழம் என்று புத்தகத்தில் இருப்பதுபோல் சொல்லுகிறாய்? நம் ஊரில் நவ்வாப்பழம் என்றல்லவா சொல்லுவோம்!” உடனே மற்றக் குழந்தைகளும் தத்தம் வீட்டில் விசாரித்தார்கள். ஒருவன் நாவப்பழம் என்றான். இன்னொருத்தி நாகப்பழம் என்றாள். பஞ்சாபிச் சிறுவன் ஒருவன் தன் பங்குக்கு ஜாமுன் என்றான். நூலின் அந்தப் பக்கத்தில் இப்போது பழத்தின் படத்துக்குக் கீழே ஐந்து பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தொட்டால் ஒவ்வொரு வீட்டுக் குரல் கேட்கிறது.