வெடிக்காத தோட்டா

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பிருந்தே பொட்டுவெடியைக் கருங்கல்லின்மேல் வைத்து, மற்றொரு கல்லால் தட்டி மகிழ்ந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. அதே பொட்டை ஈர மண்ணின்மேல் வைத்துத் தட்டினால் என்ன ஆகும்? மண்ணுக்குள் அமிழ்ந்துவிடுமே அன்றி வெடிக்காது. மருந்தும் அதுவே, தட்டும் கையும் அதுவே. எனினும் ஒன்று வெடிக்கிறது, மற்றொன்று வாளாவிருக்கிறது. இந்தச் சிறு வேடிக்கையில் அடங்கிய உண்மையொன்று, சென்ற குளிர்காலத்தில் கடல் கடந்த ஒருவருக்கு உதவியது. அதனையே இங்குக் கூற விழைகிறேன்.

முதலில் தோட்டாவின் அமைப்பைக் காண்போம். பித்தளைக் கூடு, அதன் வாயில் செருகிய ஈயக் குண்டு, உள்ளே வெடிமருந்து, அடிப்பாகத்தின் நடுவே ஒரு குழியில் பொருத்திய சிறு கிண்ணம் போன்ற பிரைமர் ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. விசையை இழுத்ததும் சுருள்வில்லின் வேகத்தில் ஓர் ஊசி பாய்ந்து பிரைமரைக் குத்துகிறது. கிண்ணத்துக்கும் அதனுள் உள்ள சிறு பட்டடைக்கும் இடையே மருந்து நசுங்கித் தீப்பொறி எழுகிறது. அப்பொறி ஒரு சிறு துளை வழியே சென்று வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. சுருங்கச் சொன்னால், பிரைமர் என்பது துப்பாக்கிக்குள் இருக்கும் பொட்டுவெடியே ஆகும்.

அடித்தால் பற்றும் இரசாயனப் பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அலெக்ஸாண்டர் பார்ஸைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். பின்னர்ப் பாதரச பல்மினேட் நெடுங்காலம் வழங்கிற்று. ஆனால் அதிலிருந்து வெளிப்படும் பாதரசம் பித்தளையை நொய்மையாக்கியது. பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்துகளோ, எரிந்தபின் உப்பை விட்டுச் சென்று குழாயைத் துருப்பிடிக்கச் செய்தன. இக்காலத்தில் பெரும்பாலும் ஈய ஸ்டிப்னேட் என்னும் சேர்மமே பயன்படுகிறது.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். என் அறைத்தோழர் பஞ்சாபியர். அவருடைய சிற்றப்பா கனடா நாட்டின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் வாழ்கிறார். மான் வேட்டையில் ஈடுபாடு உடையவர். அங்கு வேட்டைக்காரர் பலர், சுட்ட தோட்டாக்கூடுகளைச் சேர்த்து வைத்து, மீண்டும் தம் கையாலேயே நிரப்பிக்கொள்வது வழக்கம். இவரும் அவ்வாறு இருபது தோட்டாக்கள் செய்தார். அவற்றில் ஆறு, ‘டிக்’ என்ற ஓசையோடு நின்றுவிட்டன. “துப்பாக்கியின் வில் தளர்ந்துவிட்டது, புதிதாகக் கடினமான வில் போடப் போகிறேன்” என்று தொலைபேசியில் கூறினார். “நீ இரசாயனம் படிப்பவன் ஆயிற்றே, பதில் சொல்” என்று தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

துப்பாக்கி பற்றி நான் அறிந்ததெல்லாம், திருச்சியில் கல்லூரியில் பயின்றபோது தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கியால் சுட்ட சில குண்டுகளோடு சரி. ஆனால் அங்குக் கற்ற பாடமொன்று மறக்கவில்லை. என் தோட்டா ஒன்று வெடிக்காதபோது, என்னவென்று பார்க்க எழப்போனேன். ஹவில்தார் பாய்ந்து வந்து என் தோளை அழுத்தி, “அசையாதே! குழாய் இலக்கைப் பார்க்கட்டும்!” என்று அதட்டினார். மருந்து சில வேளை தாமதித்தும் பற்றும். போல்ட்டைத் திறந்த கணத்தில் அது வெடித்தால் பித்தளைத் துண்டுகள் முகத்தில் பாயும். ஆகவே குழாயை ஆபத்தற்ற திசையில் நிறுத்தி, அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் காத்திருந்தாலும் நட்டமில்லை.

சிற்றப்பாவிடம் முதலில் கேட்டதும் அதுவே. அவர் ஓசை கேட்டவுடன் போல்ட்டைத் திறந்திருந்தார்! இனி அவ்வாறு செய்யலாகாது என்று வேண்டிக்கொண்டு, அடுத்த கேள்விகளைத் தொடுத்தேன்.

கடையில் வாங்கிய தோட்டாக்கள் வெடிக்கின்றனவா? அதே நாளில், அதே குளிரில், பத்தும் வெடித்தன. எனவே ஊசி முறிந்திருக்க இயலாது. போல்ட்டினுள் பழைய கிரீஸ் உறைந்து ஊசியைத் தடுத்திருக்கவும் வாய்ப்புக் குறைவு. எனினும் வில்லை முற்றிலும் விடுதலை செய்துவிட முடியாது. சில பிரைமர்களின் கிண்ணம் கடினமானது. தளர்ந்த வில் மென்மையான கிண்ணத்தை வென்று, கடினமானதிடம் தோற்கக்கூடும்.

ஊசி பதித்த குழி எப்படி இருக்கிறது? படம் அனுப்பினார். ஆறிலும் குழி ஆழமில்லை. மீண்டும் அடித்தால்? நான்கு வெடித்தன என்றார். இங்கேதான் பொட்டுவெடி நினைவுக்கு வந்தது. பிரைமர் தன் குழியின் அடிவரை அமராமல் சற்றுத் தூக்கி நின்றால், ஊசியின் முதல் அடி அதனை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். அது மண்மேல் வைத்த பொட்டு. இரண்டாம் அடியின்போது அது அடிவரை அமர்ந்துவிட்டது. அது கல்மேல் வைத்த பொட்டு.

இதே அடையாளத்தைக் காட்டும் மற்றொரு குறையும் உண்டு. சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்திக் கொணரும்போது, அதன் தோள் பகுதி மிகுதியாகப் பின்தள்ளப்பட்டால், தோட்டா அறைக்குள் தளர்வாகக் கிடக்கும். ஊசி குத்தியதும் முன்னே நழுவும். இதுவும் மண்மேல் பொட்டே. ஆனால் இது மேலும் கொடியது; சுடும்போது பித்தளை இழுபட்டு, அடிப்பாகத்தின் அருகே அறுந்துபோகவும் கூடும். சிற்றப்பா அளவுகோலால் தோளை அளந்தார்; சரியாகவே இருந்தது. பிறகு எஞ்சிய கூடுகளின் அடியில் விரலை ஓட்டச் சொன்னேன். பிரைமர், கூட்டின் மட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு தாழ்ந்திருக்க வேண்டும். அவருடையவையோ விரலில் தட்டின! குழிகளில் பழைய கரி படிந்திருந்தது. அதைச் சுரண்டாமலே புதிய பிரைமரைப் பொருத்தியிருக்கிறார்.

நிரப்பிய தோட்டாவில் பிரைமரை மீண்டும் அழுத்துவது ஆபத்து என்பதால், வெடிக்காத இரண்டையும் அதற்குரிய கருவியால் பிரித்தார். குழிகளைத் துப்புரவு செய்து நிரப்பிய அடுத்த இருபதும் முதல் அடியிலேயே வெடித்தன. புதிய வில்லுக்குத் தேவையே எழவில்லை.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். ‘டிக்’ என்பதற்குப் பதிலாக மெல்லிய ‘பட்’ ஓசை கேட்டால், பிரைமர் மட்டும் வெடித்து, வெடிமருந்து இல்லாமையால் குண்டு குழாயிலேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னே மற்றொன்றைச் சுட்டால் குழாய் பிளக்கும். சுடுவதை நிறுத்திக் குழாயைப் பார்ப்பதே அறிவுடைமை. நம் நாட்டிலோ உரிமமின்றித் தோட்டா செய்வது 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் அன்பர்கள் மறக்கலாகாது.

சென்ற பருவத்தில் என் ஆய்வின் அளவுகள் ஒத்துவராமல், மூன்று வாரம் கருவியையே பழித்துக்கொண்டிருந்தேன். சிற்றப்பாவோடு பேசிய மறுநாள் காலை, கருவியை விட்டுவிட்டு, நானே தயாரித்த கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்தேன். அளவுகள் ஒத்துவந்தன. கடைசியாக நம் கை பட்ட இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது, துப்பாக்கிக்கு மட்டும் உரிய பாடமன்று.